சமையலறைக்குப் போய்ச் சேரும் சீட்டு: குறைந்த செலவில் நாமே அமைக்கும் உணவக ஆர்டர், ரசீது அமைப்பு

உணவகத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் ஆர்டர் மேசையிலிருந்து கல்லாவரை மூன்று கை மாறுகிறது. பரிமாறுபவர் அதைக் குறித்துக்கொள்கிறார். அதையே சமையலறைக்குச் சீட்டாகவோ வாய்மொழியாகவோ தெரிவிக்கிறார். இறுதியில் கல்லாவில் இருப்பவர் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பில் போடுகிறார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று உதிர்ந்துபோக இடமிருக்கிறது. சமைத்துப் பரிமாறிய உணவு பில்லில் ஏறாமல் போகலாம், பில்லில் ஏறிய உணவு சமைக்கப்படாமலே இருக்கலாம், கிறுக்கலான கையெழுத்தில் இரண்டு என்பது ஏழாகவும் படலாம். ஒருமுறை பதிந்ததை மூன்று இடங்களுக்கும் மாறாமல் கொண்டுசேர்ப்பதுதான் கணினி வழி ஆர்டர் அமைப்பின் வேலை. அதற்கு வேண்டிய கருவிகள் இன்று மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை வாங்கி இணைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. சீட்டு போய்ச் சேராத வேளையில் என்ன நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதில்தான் உழைப்பின் பெரும்பகுதி செலவாகிறது, செலவாகவும் வேண்டும்.

இந்தத் துறையே நம்பிக்கைச் சிக்கல் ஒன்றிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கூடம் நடத்திவந்த ஜேம்ஸ் ரிட்டி, வசூலான பணம் கல்லாவுக்கு வராமல் மறைவதைத் தடுப்பதற்காகத் தம் சகோதரர் ஜானுடன் சேர்ந்து உருவாக்கிய பணப்பதிவு இயந்திரத்துக்கு 1879இல் காப்புரிமை பெற்றார். 1986இல் ஜீன் மோஷர் என்ற உணவகக்காரர் அடாரி 520எஸ்டி கணினியில் வண்ணத் தொடுதிரை கொண்ட ஆர்டர் அமைப்பைப் பொதுவெளியில் காட்டினார். இருவரும் கடை நடத்தியவர்கள், தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டவர்கள். ஆகவே சிறிய உணவகம் ஒன்று தனக்கான அமைப்பைத் தானே கட்டிக்கொள்வதை விநோதமான பொழுதுபோக்காகப் பார்க்க வேண்டியதில்லை.

அமைப்பின் உறுப்புகள் நான்கைந்துதான். ஆர்டர்களைச் சேமிக்கும் மையக் கணினி ஒன்று, வைஃபை ரவுட்டர் ஒன்று, ஆர்டர் எடுப்பதற்குப் பழைய கைப்பேசிகள் அல்லது டேப்லெட்டுகள், கல்லாவில் ஒரு பிரின்டர், சமையலறையில் ஒரு பிரின்டர். ஆர்டர் எடுக்கும் திரையைத் தனிச் செயலியாக எழுதாமல் பிரௌசரில் திறக்கும் பக்கமாக அமைத்துவிட்டால், ஒரு கைப்பேசி உடைந்தாலும் வேறொன்றை எடுத்து அதே முகவரியைத் திறந்து வேலையைத் தொடரலாம். மையக் கணினி உணவகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆர்டர் வெளியிலுள்ள இணையச் சேவையைத் தொட்டுவிட்டுத்தான் பத்தடி தள்ளியிருக்கும் சமையலறைக்கு வரவேண்டும் என்று அமைத்தால், இணையம் அறுந்த நிமிடத்தில் கடையே நின்றுபோகும். உள் வலையமைப்பிலேயே எல்லாம் நடந்தால், இணையம் இல்லாத நாளிலும் ஆர்டர் எடுப்பதும் சமைப்பதும் பில் போடுவதும் தொடரும்.

மையக் கணினிக்கு ராஸ்ப்பெரி பை என்ற சிறு பலகையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 2012இல் வந்த நாள் முதல் இத்தகைய வேலைகளுக்கு அது பெயர்பெற்றிருக்கிறது. இருந்தாலும், நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினி ஒன்று கையில் இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். மடிக்கணினியில் பேட்டரி உள்ளேயே இருப்பதால் மின்வெட்டின்போது அது திடுமென அணைவதில்லை. ராஸ்ப்பெரி பை பெரும்பாலும் மெமரி கார்டிலிருந்து இயங்குகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டில் உள்ள கோப்புகள் சிதைவது அதன் பழைய நோய். இன்னொரு வேறுபாடு உடனே கண்ணில் படாது. ராஸ்ப்பெரி பையின் நான்காம் தலைமுறை வரை, அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் பலகையில் கிடையாது. ஐந்தாம் தலைமுறையில் கடிகாரம் உண்டு, அதற்கான பேட்டரியை நாம்தான் வாங்கிப் பொருத்த வேண்டும். மின்சாரம் திரும்பிவந்து இணையம் வராத நேரத்தில் அந்தப் பலகை பழைய நேரத்தை உண்மை என்று நம்பி இயங்கத் தொடங்கும், பில்களில் தவறான தேதி விழும். ராஸ்ப்பெரி பையைத்தான் பயன்படுத்துவது என்று முடிவு செய்தால், டிஎஸ்3231 போன்ற கடிகாரத் துணைப்பலகையையும் மின்வெட்டின்போது மின்சாரம் தரும் மின்காப்புக் கருவியையும் (யுபிஎஸ்) சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இனி பிரின்டர். ரசீது அச்சிடும் பிரின்டர்களில் பெரும்பாலானவை எப்சன் நிறுவனம் உருவாக்கிய எஸ்க்-பாஸ் என்ற கட்டளைமொழியைப் புரிந்துகொள்கின்றன. பிற நிறுவனங்களும் அதையே பின்பற்றுவதால், ஒரு பிரின்டருக்கு எழுதிய நிரல் அடுத்ததிலும் ஏறத்தாழ அப்படியே ஓடும். மொழி மிக எளிது. அச்சிட வேண்டிய எழுத்துகளுக்கு நடுவே சில எண்களை அனுப்பினால் அவை கட்டளைகளாகின்றன. 27, 64 என்ற இரண்டு பைட்டுகள் பிரின்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். 29, 33 என்று தொடங்குவது எழுத்தின் அளவைப் பெருக்கும். 29, 86 என்று தொடங்குவது காகிதத்தை வெட்டும். வலையமைப்பில் இணைந்த பிரின்டர் 9100 என்ற போர்ட்டில், அதாவது தரவு நுழையும் எண்ணிட்ட வாயிலில், காத்திருக்கும், அங்கே பைட்டுகளை எழுதினால் அச்சாகிவிடும். ஆனால் பிரௌசரில் ஓடும் பக்கத்துக்கு அப்படி நேரடியாகப் பிரின்டரின் போர்ட்டைத் திறக்க அனுமதியில்லை. எனவே கைப்பேசி மையக் கணினியிடம் மட்டும் பேச வேண்டும், பிரின்டரோடு பேசுவது மையக் கணினியின் பொறுப்பாக இருக்க வேண்டும். இது கட்டுப்பாடு போலத் தோன்றினாலும் நன்மைதான். எந்தச் சீட்டு எப்போது அனுப்பப்பட்டது என்ற பதிவு ஓரிடத்தில் சேர்கிறது.

அகலத்தைப் பற்றியும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வெப்பத்தால் அச்சிடும் வழக்கமான தெர்மல் பிரின்டர் ஒரு மில்லிமீட்டரில் 8 புள்ளிகள் இடுகிறது. 80 மி.மீ. காகிதத்தில் பொதுவாக 72 மி.மீ. அகலம் அச்சாகும், அதாவது 576 புள்ளிகள். பிரின்டரின் உள்ளெழுத்து ஒன்று 12 புள்ளி அகலம் என்பதால் ஒரு வரியில் 48 எழுத்துகள் அடங்கும். 58 மி.மீ. காகிதத்தில் 384 புள்ளிகளும் 32 எழுத்துகளும்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று சிறிய பிரின்டரை வாங்குபவர்கள் உணவின் பெயர், எண்ணிக்கை, விலை, தொகை ஆகிய நான்கையும் 32 இடத்துக்குள் நெருக்கும்போதுதான் வருந்துகிறார்கள். சமையலறைச் சீட்டில் விலை தேவையில்லை, எழுத்துதான் பெரிதாக வேண்டும். அங்கே சிறிய காகிதம் ஓரளவு போதும். வாடிக்கையாளரின் பில்லுக்கு அகலமான காகிதமே நல்லது.

தமிழில் அச்சிட விரும்புவோருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. பிரின்டருக்குள் பதிந்திருக்கும் எழுத்துருக்களில் லத்தீன் எழுத்துகள் எப்போதும் இருக்கும், தமிழ் பெரும்பாலும் இருக்காது. யூனிகோடில் எழுதிய தமிழை அப்படியே அனுப்பினால், 'கொ' என்ற ஒற்றை எழுத்து ஆறு பைட்டுகளாகப் போய் ஆறு புரியாத குறிகளாக அச்சாகும். எழுத்துரு இருந்தாலும் சிக்கல் தீராது. 'கொ' என்பதைத் திரையில் காட்ட, ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் வர வேண்டும். சேமிப்பிலோ ககரம் முதலில் நிற்க, உயிர்க்குறி ஒரே குறியீடாகப் பின்னால் நிற்கிறது. இந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரல் தேவை, அது பிரின்டருக்குள் கிடையாது. ஆகவே சீட்டு முழுவதையும் மையக் கணினியிலேயே படமாக வரைந்து, 29, 118, 48 என்று தொடங்கும் படக் கட்டளை வழியாக அனுப்புவதே நம்பகமான வழி. பைத்தான் நிரல்மொழியில் படம் வரைய உதவும் பில்லோ நிரலகத்தைக் கொண்டு வரைபவர்கள், அதோடு ராக்ம் என்ற துணை நிரலகமும் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் சீட்டைப் பிரௌசர் பக்கமாக எழுதி, திரையில்லாமல் இயங்கும் குரோமியம் பிரௌசரைக் கொண்டு படமாக்கிக்கொள்ளலாம். வேகம் சற்றுக் குறையும், எழுத்துகள் சரியாக வரும்.

படமாக அனுப்புவதால் தரவின் அளவு பெருகுகிறது. 100 மி.மீ. நீளமுள்ள சீட்டு 800 புள்ளி வரிகள். ஒரு பைட்டில் 8 புள்ளிகள் அடங்குவதால் வரிக்கு 72 பைட்டு, மொத்தம் 57,600 பைட்டுகள். ஈதர்நெட் கம்பியில் இது கண்ணிமைக்கும் நேரம். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஓடும் பழைய சீரியல் இணைப்பில், தொடக்க, முடிவுக் குறிகளோடு பைட்டுக்கு 10 பிட் ஆவதால், இதே சீட்டு முழுதாக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். பழைய பிரின்டர் ஒன்றை மலிவாக வாங்குமுன் அதன் இணைப்பு வகையைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். எழுத்தின் அளவிலும் கவனம் தேவை. பிரின்டருக்குச் சாம்பல் நிறம் தெரியாது, கறுப்பும் வெள்ளையும்தான். மெல்லிய எழுத்துருவைச் சிறிய அளவில் வரைந்து இருநிறமாக மாற்றும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளி. தமிழில் அது போனால் சொல்லே மாறிவிடும். தடித்த எழுத்துருவைப் பெரிய அளவில் பயன்படுத்துவதும், இடத்தை எழுத்து எண்ணிக்கையால் அளக்காமல் புள்ளி அகலத்தால் அளந்து தொகைகளை வலப்புறம் ஒழுங்காக நிறுத்துவதும் இதற்கான தீர்வுகள்.

இவையெல்லாம் செய்து முடித்து முதல் சீட்டு அழகாக அச்சாகி வரும்போது, வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் வருவது இயல்பு. உண்மையில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. ஆர்டர் ஒருமுறை எடுக்கப்பட்டால் சமையலறையில் ஒருமுறை தெரிய வேண்டும். தெரியாமல் போனால், தெரியவில்லை என்பது உடனே யாருக்காவது தெரிய வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களை நிறைவேற்றாத அமைப்பு, எவ்வளவு அழகான திரையைக் கொண்டிருந்தாலும், கையால் எழுதிய சீட்டைவிடத் தாழ்ந்ததே. கையெழுத்துச் சீட்டு பாதி வழியில் காற்றோடு கரைந்துவிடுவதில்லை.

முதலில் கைப்பேசிக்கும் மையக் கணினிக்கும் இடையிலுள்ள தொலைவு. பரிமாறுபவர் அனுப்பு என்று தொடுகிறார், ஆர்டர் போய்ச் சேர்ந்து பதிவாகிவிடுகிறது, ஆனால் பதிவானது என்ற பதில் திரும்பிவரும் வழியில் வைஃபை அறுந்துவிடுகிறது. கைப்பேசியைப் பொறுத்தவரை ஆர்டர் போகவில்லை. அவர் மறுபடியும் தொடுகிறார், சமையலறையில் எல்லாமே இரட்டிப்பாகிவிடுகிறது. இதைத் தடுக்க, ஆர்டர் தொடங்கும்போதே கைப்பேசி ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். எத்தனை முறை மறுபடி அனுப்பினாலும் அதே எண் கூடவே போக வேண்டும். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் தரவுத்தளம் இரண்டாவதை ஏற்காமல், பதிவாகிவிட்டது என்ற பதிலை மட்டும் திருப்பித் தர வேண்டும். சில வரி நிரல்தான், ஆனால் பின்னாளில் ஒட்டுப்போட்டுச் சேர்ப்பது கடினம் என்பதால் முதல் நாளே எழுதப்பட வேண்டியது.

அடுத்தது மையக் கணினிக்கும் பிரின்டருக்கும் இடையிலுள்ள தொலைவு. இங்கே பலர் ஏமாறுகிறார்கள். 9100 போர்ட்டில் பைட்டுகளை எழுதியபோது பிழை எதுவும் வரவில்லை என்பதற்குச் சீட்டு அச்சாகிவிட்டது என்று பொருள் இல்லை. பைட்டுகள் பிரின்டரின் நினைவகத்தில் காத்திருக்கலாம், காகிதம் தீர்ந்திருக்கலாம், மூடி திறந்திருக்கலாம். பிரின்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள எஸ்க்-பாஸில் இரு வழிகள் உண்டு. 16, 4 என்று தொடங்கும் கட்டளை வரிசையில் காத்திராமல் அந்தக் கணத்து நிலையைச் சொல்லும்: காகிதம் இருக்கிறதா, மூடி மூடியிருக்கிறதா என்பது போல. 29, 114 என்று தொடங்கும் கட்டளை தனக்கு முன்னால் வந்தவற்றைப் பிரின்டர் எடுத்துக்கொண்ட பின்னரே தன் முறை வந்து பதிலளிக்கும். சீட்டு அனுப்புவதற்குமுன் முதல் கட்டளையையும், சீட்டின் இறுதியில் இரண்டாவதையும் வைத்து, பதில் வந்த பிறகே சீட்டைச் சேர்ந்தது என்று குறிப்பதே என் பரிந்துரை. குறித்த சில நொடிகளுக்குள் பதில் வராவிட்டால் கல்லாத் திரையில் சிவப்பு எச்சரிக்கை எழ வேண்டும், ஒலியும் எழ வேண்டும். மலிவான சில பிரின்டர்கள் இக்கட்டளைகளுக்குச் சரியாகப் பதில் தருவதில்லை, ஆகவே வாங்கியவுடன் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

சீட்டு அனுப்பிய பின், பதில் வருமுன் மின்சாரம் போனால்? அச்சானதா இல்லையா என்று கணினியால் அறிய முடியாது. ஒரே ஒருமுறை மட்டும் அச்சிடுவேன் என்ற உறுதியை எந்த நிரலாலும் தர முடியாது. இரண்டு தவறுகளில் எதை ஏற்பது என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆர்டர் காணாமல் போனால் ஒருவர் பசியோடு காத்திருப்பார், காரணம் யாருக்கும் தெரியாது. சீட்டு இரண்டாம் முறை வந்தால், அதன் தலையில் 'மறுஅச்சு' என்று பெரிதாக இருந்து அதே எண்ணும் இருந்தால், சமையல்காரர் ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார். ஆகவே ஐயம் வந்தால் மறுபடி அச்சிட வேண்டும், மறுஅச்சு என்று வெளிப்படையாகச் சொல்லியே அச்சிட வேண்டும்.

இத்தனை நிரலுக்கும் மேலாக, எந்தச் செலவும் இல்லாத ஒரு காப்பு உண்டு: ஒவ்வொரு சமையலறைப் பிரின்டருக்கும் நாள்தோறும் 1 முதல் தொடங்கும் தனி வரிசை எண். 41ஆம் சீட்டுக்குப் பின் 43 வந்தால், கணினியின் உதவியே இல்லாமல் சமையல்காரர் 42 எங்கே என்று கேட்பார். எல்லாப் பிரின்டர்களுக்கும் பொதுவாக ஒரே வரிசை கொடுத்துவிட்டால் இந்தக் காப்பு பாழாகிவிடும். பானங்கள் இருக்கும் பகுதிக்குப் போன எண்கள் சமையலறையில் இடைவெளியாகத் தெரியும், நாளடைவில் யாரும் இடைவெளியைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

சமையலறையின் சூழலும் இந்தக் கணக்கில் உண்டு. தெர்மல் காகிதத்தில் மை இல்லை. வெப்பம் பட்டவுடன் கறுக்கும் வேதிப்பூச்சுதான் இருக்கிறது. அடுப்பருகே அல்லது வெப்ப விளக்கின் கீழே சீட்டைச் செருகிவைத்தால் முழுதும் கறுத்துப்போகலாம், எண்ணெய் பட்டால் எழுத்து மங்கும். ஆகவே வெம்மை மிகுந்த சமையலறைகளில் சாதாரணக் காகிதத்தில் நாடாவால் அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இன்றும் நிலைத்திருக்கிறது. கறுப்பும் சிவப்பும் கொண்ட நாடாவால் ரத்து செய்யப்பட்ட உணவைச் சிவப்பில் காட்டலாம், அதன் இரைச்சலே சீட்டு வந்ததை அறிவிக்கிறது. ஆனால் தமிழைப் படமாக அச்சிடும்போது அது மிக மெதுவாக, கரடுமுரடாக அச்சிடும் என்பதை மறக்கக் கூடாது. தெர்மல் காகிதத்தைத் தேர்வோர் அதன் பூச்சையும் கேட்டு வாங்குவது நல்லது. பிஸ்ஃபீனால்-ஏ என்ற பொருள் அதில் பயன்பட்டு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் தெர்மல் காகிதத்தில் அதன் அளவை எடையில் 0.02 விழுக்காட்டுக்கும் கீழே கட்டுப்படுத்தியது.

மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் அதே வட்டாரம்தான். அடுப்பு ஓடும்போது மட்டும் சீட்டு தாமதமாவது இதனால் நேரக்கூடும். சமையலறைப் பிரின்டருக்கு ஈதர்நெட் கம்பி இழுத்துவிடுவதும், ரவுட்டரில் அதற்கு மாறாத முகவரியை ஒதுக்கிவைப்பதும் ஒரு நாள் வேலை, பல மாத நிம்மதி.

ஆர்டர்களைச் சேமிக்கும் தரவுத்தளத்துக்கு எஸ்க்யூலைட் என்ற சிறு நிரல் போதுமானது. ஒரே கோப்பு, தனியாக நிறுவிப் பராமரிக்க வேண்டிய சேவை எதுவும் இல்லை, மின்வெட்டு வந்தாலும் ஒரு பதிவு முழுதாக ஏறும் அல்லது ஏறவே ஏறாது என்ற பரிவர்த்தனை ஒழுங்கு உண்டு. அதில் எழுதும் முறையில் மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். தொகைகளை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவே சேமிக்க வேண்டும். பின்னங்களைக் கணினி வழக்கமாகச் சேமிக்கும் இரும மிதவை எண்களில் 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். விற்பனை வரியை ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனியே முழு எண்ணாக்குவதா மொத்தத்தில் ஒருமுறை முழு எண்ணாக்குவதா என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும்: மூன்று உணவுகளுக்குத் தலா 0.4 அலகு வரி என்றால் முதல் முறையில் பூஜ்யம், இரண்டாவதில் 1. அடுத்து, ஆர்டர் எடுத்த நேரத்து விலையை ஆர்டரோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை விலைப்பட்டியலை மாற்றும்போது நேற்றைய பில்களும் மாறிவிடும். எதையும் அழிக்கக் கூடாது என்பது மூன்றாவது. ரத்து என்பது யார், எப்போது, ஏன் என்ற விவரத்துடன் சேரும் புதிய பதிவு. ரிட்டி 1879இல் தேடிய விடை இதுவே. பணப்பெட்டியும் இதே ஒழுங்குக்குள் வர வேண்டும். பெட்டி பிரின்டரோடுதான் கம்பியால் இணைகிறது. 27, 112 என்று தொடங்கும் கட்டளை வந்ததும் பிரின்டர் மின்துடிப்பு அனுப்பி அதைத் திறக்கிறது. ஆகவே பெட்டி கணினி வழியாகத் திறந்த ஒவ்வொரு முறையையும் எளிதாகப் பதிவு செய்யலாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. 9100 போர்ட்டுக்குக் கடவுச்சொல் கிடையாது, அதே வலையமைப்பில் இருக்கும் யாரும் சமையலறையில் சீட்டு அடிக்க முடியும். வாடிக்கையாளர்களுக்குத் தரும் வைஃபை முற்றிலும் தனியாக இருக்கட்டும். அட்டைப் பணம் வங்கி தரும் தனிக் கருவியிலேயே நடக்கட்டும், அட்டை எண் நம் தரவுத்தளத்தின் பக்கமே வரக் கூடாது. வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. எடுத்துக்காட்டாக, ஜெர்மனி 2020 முதல் மின்னணுக் கல்லாக்களுக்குச் சான்றளிக்கப்பட்ட பாதுகாப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. இத்தகைய சட்டம் உள்ள இடத்தில் நாமே எழுதிய அமைப்பைச் சமையலறைச் சீட்டுக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, பில்லைச் சான்றுபெற்ற கருவியில் போடுவதே முறை.

அமைப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும்போது பழைய கையெழுத்துச் சீட்டுப் புத்தகத்தைத் தூக்கியெறிந்துவிடக் கூடாது. முதல் சில வாரங்கள் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். இரவில் கடை மூடிய பின் இரண்டு கணக்கையும் ஒப்பிட்டு, வேறுபட்ட ஒவ்வொரு வரிக்கும் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு சீட்டுப் புத்தகம் கல்லாவுக்கடியில் இருக்க வேண்டும், அதன் தாள்களில் கணினியின் எண்வரிசையோடு மோதாத தனி வரிசை எண்கள் முன்பே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கணினி நின்றுபோன வேளையில் அந்தத் தாள்களில் ஆர்டர் எழுதிச் சமையலறைக்குக் கொடுக்கலாம். கணினி திரும்பி எழுந்ததும், சமையலறையில் மறுபடி அச்சாகாதபடி கல்லாவிலிருந்தே அவற்றை ஒவ்வொன்றாகப் பதிந்து, தாளின் எண்ணையே ஆர்டரின் அடையாள எண்ணாகக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் ஒரே தாளை இருவர் பதிந்தாலும் தரவுத்தளம் இரண்டாவதை ஏற்காது.